கோட்டுப்பால்

பெரட்டில் ஆள் கணக்கெடுப்பு முடிந்து, இருட்டோடு மர நிரைக்குள் நுழைந்ததும் அம்மா முதலில் உளியைத் தொட மாட்டார். முந்தின வெட்டுக்கோட்டில் காய்ந்து ஒட்டிக்கிடக்கும் ரப்பர் பாலைத்தான் தொடுவார். கட்டைவிரல் நகத்தால் ஒரு முனையைக் கிளப்பி, பதமாக இழுத்தால் மரத்தின் பாதிச் சுற்றுக்கும் ஒரே நாடாவாக உருவிக்கொண்டு வரும். அதுதான் கோட்டுப்பால். வேகமாக இழுத்தால் அறுந்துவிடும், பிறகு சுரண்ட வேண்டும். அதற்குப் பிறகு பால் பிடிக்கும் மங்கின் அடியில் உறைந்திருக்கும் கட்டிப்பால். மரத்தடியில் சொட்டி மண்ணோடு மண்ணாக இறுகிப்போனதைக்கூட விடுவதில்லை. எல்லாம் இடுப்பில் கட்டிய சாக்குக்குள் போகும். அந்த நாற்றம் சோப்புப் போட்டாலும் கையை விட்டுப் போகாது. ஆனால் அதற்கும் எடை உண்டு, எடைக்குக் காசு உண்டு. ஒரு தோட்டத்து விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்குவரை இப்படி மரத்திலும் மங்கிலும் மண்ணிலும் உறைந்துபோனதுதான்.

தம்பினிலிருந்து கெமெஞ்சே போகும் சாலையில், அன்று இரண்டு பக்கமும் பால்மரக்காடாக இருந்த ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவன் நான். சிக்கனம் என்ற சொல்லைப் பள்ளிப் புத்தகத்தில் பார்ப்பதற்கு முன்னாலேயே அந்த நாடாவைப் பார்த்திருந்தேன்.

பால் வெட்டுவதே ஒரு சிக்கனக் கலைதான். ஒரு வெட்டுக்குச் சீவ வேண்டிய பட்டை ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். அதற்கு மேல் சீவினால் பட்டை வீண். ஆழமாகப் போனால் மரம் காயப்பட்டு, அந்த இடத்தில் முண்டும் முடிச்சுமாகப் புதுப்பட்டை வரும், மறுபடி உளி ஓடாது. சீவிய இடத்தில் பட்டை வளர்ந்து திரும்ப வெட்டுக்குத் தயாராக ஏழெட்டு வருடம் ஆகும். மரத்திடம் இன்றைக்கு எவ்வளவு வாங்கலாம், நாளைக்கு எவ்வளவு விட்டுவைக்க வேண்டும் என்பது வெட்டுகிறவளின் மணிக்கட்டில் இருந்தது.

அதே மணிக்கட்டுதான் சமையலறையிலும். அம்மா பீர்க்கங்காய் சீவுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தோல் ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாக, அறுபடாமல் சுருண்டு விழும். அந்தத் தோலும் மறுநாள் துவையலாகித் தட்டுக்கு வரும். அரிசி கழுவிய முதல் தண்ணீர் பக்கத்து வீட்டு மாட்டுக்கு, இரண்டாம் தண்ணீர் கீரைப்பாத்திக்கு. காலிப் பால்டின்தான் அரிசி அளக்கும் படி, அதுவே தேத்தண்ணீர்க் குவளை. மாவுச் சாக்கைப் பிரித்துத் துவைத்துத் தலையணை உறை தைப்பார். பழைய சைக்கிள் டியூபைக் குறுக்கே நறுக்கி ரப்பர் வளையம் செய்து வைத்திருப்பார். உலைக்கு அளந்த அரிசியிலிருந்து தினமும் ஒரு பிடி எடுத்துத் தனி டின்னில் போடுவார். சம்பளத்துக்கு முந்தின மூன்று நாள் நாங்கள் சாப்பிட்டது அந்தப் பிடி அரிசியைத்தான்.

இந்தப் பழக்கங்களுக்குப் பின்னால் பாட்டி இருந்தார். பாட்டிக்குப் பின்னால் ஜப்பான் காலம் இருந்தது. தம்பினிலிருந்து மலாக்காவுக்கு ஓடிய ரயில் பாதையை ஜப்பானியர்கள் பெயர்த்தெடுத்துச் சயாம்-பர்மா பாதை போடக் கொண்டுபோன காலம். தண்டவாளத்தோடு தோட்டத்து ஆட்களையும் கொண்டுபோனார்கள். ஆயிரமாயிரம் தமிழர்கள் திரும்பவே இல்லை. மிஞ்சியவர்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிடித்தார்கள். பாட்டி தரையில் சிந்திய சோற்றுப் பருக்கையை ஒவ்வொன்றாகப் பொறுக்குவார். ஒரு நாளும் அதற்குக் காரணம் சொன்னதில்லை.

இந்தச் சிக்கனத்தையெல்லாம் இன்று மேடைகளில் பெருமையாகப் பேசுகிறார்கள். எனக்கு அந்தப் பேச்சு கேட்க முடிவதில்லை. பால்டின்னில் தேத்தண்ணீர் குடித்தது குவளை வாங்கக் காசில்லாததால். அறுபதுகளில் ஒரு நாள் கூலி மூன்று வெள்ளியைச் சுற்றியே நின்றது. மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் அதுவும் இல்லை. சம்பள நாளன்று கடைக்காரர் கடன் புத்தகத்தோடு வந்து நிற்பார். பிள்ளையின் தட்டிலிருந்து ஒரு பிடி எடுத்துத்தான் மாதக் கடைசிக்குச் சேர்க்க முடிந்தது என்றால், அதைப் பண்பு என்று பாராட்டிவிட்டுக் கூலி கொடுத்தவர்களை மறந்துவிடக் கூடாது.

இன்னொன்றும் வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. அம்மா சேர்த்ததெல்லாம் தூக்கிக்கொண்டு போகக்கூடியவை. ஒரு ஜோடித் தோடு. கூட்டுச் சீட்டு கட்டிக் கிடைத்த பணத்தில் வாங்கிய ஒரு பித்தளை அண்டா. பிறப்புப் பத்திரங்கள் வைத்த பிஸ்கட் டின். அது எப்போதும் கதவுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். வீட்டுக்குப் பின்னால் நட்டதும் மிளகாய், கத்தரி, கீரை, அதிகம் போனால் முருங்கை. வருடத்துக்குள் காய்ப்பவை மட்டும். ஏனென்றால் லயம் தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும்.

அது வெறும் பயமல்ல. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். துண்டுத் தோட்டத்துக்கு லயம் எதற்கு, அத்தனை ஆட்கள் எதற்கு? தலைமுறையாக அங்கே கிடந்த குடும்பங்கள் அண்டா குண்டாவோடு சாலையில் நின்றன. தோட்டத் துண்டாடல் என்ற அந்தச் சொல்லைக் கேட்டாலே அப்பாவின் முகம் மாறும்.

அப்போதுதான் சுங்கை சிப்புட்காரரான வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கினார். அன்றைய ம.இ.கா. (மலாயா இந்தியர் காங்கிரஸ்) தலைவர், அமைச்சர். அவர் கேட்டது பத்து வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகப் பத்து மாதம் கட்டினால் நூறு வெள்ளிப் பங்கு ஒன்று. 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அடுத்த ஆண்டே, கெடாவில் ஏறத்தாழ 3,000 ஏக்கர் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. நினைத்துப் பார்க்கிறேன். ஒரு பிடி அரிசியில், கோட்டுப்பால் எடையில், கடைக்காரரிடம் இந்த மாதம் வாங்காமல் விட்ட அரைக்கட்டி சோப்பில் மிச்சம் பிடித்த பணம். அதைப் பால் வெட்டுகிறவர்கள் ஒன்றாகக் கொட்டி, தாங்கள் வெட்டும் மரங்களையே வாங்கினார்கள். மலேசியத் தமிழர் வரலாற்றில் இதைவிடப் பெரிய காரியம் எனக்குத் தெரிந்து இல்லை.

அப்பாவும் கட்டினார். பத்து வெள்ளி என்றால் மூன்று நான்கு நாள் கூலி. அந்தப் பத்து மாதம் எங்கள் வீட்டில் என்ன குறைந்தது என்று நினைவில் தேடுகிறேன். கருவாடு குறைந்தது. தீபாவளிச் சட்டை வரவில்லை. ஆனால் அம்மா அதுவரை செய்த அதே சிக்கனத்தைத்தான் செய்தார். கை மாறவில்லை, முகம் மாறியிருந்தது. அதுவரை மாதக் கடைசியைத் தாண்டுவதற்காகச் சேர்த்தவர், முதல்முறையாக எதையோ நோக்கிச் சேர்த்தார். ரசீதுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, டியூபில் நறுக்கிய வளையம் போட்டுப் பிஸ்கட் டின்னில் வைத்தார்.

சேமிப்பைப் பற்றி நான் உறுதியாக நம்புவது அங்கே கற்றதுதான். மிச்சம் பிடிக்கிற கைக்கு முன்னால் ஒரு நாளை இருக்க வேண்டும், அந்த நாளைக்குக் கால் ஊன்ற ஓர் இடம் இருக்க வேண்டும். அது இல்லாதவர்களிடம் சிக்கனத்தைப் போதிப்பது, பசித்தவனிடம் விரதத்தின் பெருமையைச் சொல்வது. இன்று எங்கள் தாமான் குடியிருப்பு வீடுகளில் குளிர்பெட்டி நிறைய வாங்கி வைத்து, வாடிய கீரையை வாரக் கடைசியில் குப்பையில் கொட்டுகிறோம். பிள்ளைகளைத் திட்ட நாக்கு எழுகிறது. ஆனால் அந்தக் கீரையின் பின்னால் ஒரு மணிக்கட்டு உண்டு என்று நான் அவர்களுக்குக் காட்டியிருக்கிறேனா?

எண்பதுகளில் தம்பினில் ஒரு மலிவுவிலை வீடு வாங்கிக் குடிவந்தோம். அம்மா அரிசி டின்னையும் பிடி அரிசி டின்னையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மறுநாள் காலை பின்பக்கம் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. பாய் அகலத்துக்கு இருந்த அந்த மண்ணில், கொட்டை போட்டு முளைக்க வைத்திருந்த ஒரு பலாக்கன்றை நட்டுக்கொண்டிருந்தார்.

“இது காய்க்க எத்தனை வருஷம் ஆகும்மா?” என்றேன்.

“காய்க்கிறப்ப காய்க்கட்டும். நாமதான் எங்கயும் போகப் போறதில்லையே.”

அரிசி கழுவிய தண்ணீரை அதன் அடியில் ஊற்றிவிட்டு உள்ளே போனார்.