பாதி விசுவாசத்தோடு வந்த தகப்பன்



விடியுமுன் தூக்குச்சட்டியில் சோறெடுத்துக்கொண்டு பட்டாசு செய்யும் பயர் ஆபீஸுக்குப் போன மகள் பொழுது சாயுமுன் தீக்காயப் பிரிவில் கிடக்க, அதன் வாசலில் இரவெல்லாம் விழித்திருக்கும் தாய்மாரை இந்தச் சிவகாசிச் சீமை நன்கறியும். 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தை நம்மில் யாரும் மறந்திருக்கமாட்டோம். தீயினால் மட்டுமன்று, புற்றுநோயினாலும் சிறுநீரகக் கோளாறினாலும் தளர்ந்துபோன குடும்பங்களும் நம் நடுவே உண்டு. அத்தகைய வீட்டிற்குள் ஆறுதல் சொல்லப் புகும் சிலர், "நீங்கள் இன்னும் உறுதியாக விசுவாசித்திருந்தால் இந்நேரம் குணமாகியிருக்குமே" என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். நோயாளியின் தலைமாட்டில் கலங்கி உட்கார்ந்திருக்கும் ஆத்துமாவின்மேல் இதைவிடக் கொடிய பாரம் வேறில்லை என்பது என் துணிபு.

மாற்கு சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரத்திலே ஒரு தகப்பன் வருகிறான். சிறுபிராயம் முதல் தீயிலும் தண்ணீரிலும் விழுந்து துடித்த தன் பிள்ளையை முதலில் சீஷர்களிடம் கொண்டுவருகிறான், அவர்களால் கூடாமற்போகிறது, வேதபாரகரோ பிள்ளையை மறந்து தர்க்கம் பண்ணிக்கொண்டிருக்கிறார்கள். கடைசியில் ஆண்டவரிடம் வந்தவன், உம்மால் ஏதேனும் கூடுமானால் இரங்கும் என்று ஐயத்தோடுதான் கேட்கிறான். ஐயத்தை அவர் சுட்டிக்காட்டியதும் கண்ணீர் விட்டு, விசுவாசமும் அவிசுவாசமும் தன் நெஞ்சில் ஒருங்கே குடியிருப்பதை ஒளிக்காமல் அறிக்கையிட்டு, அந்தக் குறைக்கும் உதவி கேட்கிறான். ஆண்டவர் அவனை, போய் உன் விசுவாசத்தைப் பூரணப்படுத்திக்கொண்டு வா என்று திருப்பியனுப்பினாரா? இல்லை, பிள்ளையைக் கைபிடித்துத் தூக்கினார்.

ஆயினும் எல்லாப் பிள்ளைகளும் அவ்விதம் எழுந்திருப்பதில்லை. இதை மறைத்துப் பேசுவது பிரசங்கியாருக்கு அடாது. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் 1841இல் கணிதப் பரீட்சையில் நான்காமவராகத் தேறி, அந்தக் கீர்த்தியையெல்லாம் உதறிவிட்டு, வட திருநெல்வேலிச் சீமையில் ஊர் ஊராகக் கூடாரமடித்துச் சுவிசேஷம் சொன்ன ராக்லண்ட் ஐயர், நுரையீரல் நோயால் நலிந்து, 1858ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் தேதி இதே சிவகாசியில், தமது 43ஆம் வயதில், இரத்தக்குழாய் வெடித்து மரித்தார். அவரிடத்தில் விசுவாசம் குறைந்திருந்தது என்று சொல்ல யாருக்குத் துணிவுண்டு? குணமாவது விசுவாசத்திற்குக் கொடுக்கப்படும் கூலியன்று. கெத்செமனேயிலே, பாத்திரம் நீங்கவேண்டுமென்று மன்றாடியும் அது நீங்காமலே சிலுவைக்குப் போன ஆண்டவரையல்லவா நாம் பற்றியிருக்கிறோம். ஆகவே, கேட்டது கிடையாத இராத்திரிகளிலும் அவர் நமக்கு அந்நியரல்லர்.

ஜெபத்தை நம்பி வைத்தியத்தைத் தள்ளிப்போடுவோரும் உண்டு. அவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1890இல் நோயுற்ற தாயாருக்குப் பணிவிடை செய்யவே திண்டிவனம் வந்தவர் ஐடா ஸ்கடர். இந்தியாவில் தங்கிவிடும் எண்ணம் அவருக்கு அப்போது சிறிதும் இல்லை. ஆண் வைத்தியர் தொடலாகாது என்ற வழக்கத்தினால் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் மாண்டதைக் கண்டு மனங்கலங்கி, அமெரிக்கா சென்று வைத்தியம் கற்றுத் திரும்பி, 1900இல் வேலூரில் அவர் தொடங்கிய ஊழியமே இன்று நம் ஊராரும் ரயிலேறிப் போகும் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியாயிற்று. எத்தனையோ தாய்மாரின் ஜெபத்திற்கு வந்த உத்தரவு அதுவென்றே நான் எண்ணுகிறேன். அதன் வாசலை மிதிப்பது அவிசுவாசமாகாது.

ஆகையால் இந்த வாரம் நோயுற்றோர் வீட்டிற்குப் போகிறவர்களே, அங்குள்ளோரின் விசுவாசத்தை அளந்து பாராதிருங்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒருவேளைச் சோறு கொண்டுபோங்கள். இரத்தம் வேண்டுமென்றால் வாலிபர்கள் முன்வாருங்கள். பல இரவுகளாகக் கண்விழித்த தாய் சற்றே உறங்கும்படி, அவள் இடத்தில் நீங்கள் உட்காருங்கள்.