சும்மாடு

அரியூர் நாட்டில் ஒரு பகல் முழுக்க நடந்தேன். கொல்லி மலையில் நாடு என்பது சில ஊர்கள் சேர்ந்த ஒரு பிரிவு. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, குண்டூர் நாடு என்று பல. காலையில் ஒரு நாட்டில் கிளம்பியவன் மாலையில் இன்னொன்றில் இருக்கலாம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் ஏறி வந்தவன் நான். ஆகவே இந்த நடை எனக்குத் தேவை அல்ல, தேர்வு. முதுகில் 12 கிலோ: போர்வை, மாற்றுத் துணி, ரொட்டி, தண்ணீர், பிரிக்காமலே திரும்பப் போகும் ஒரு புத்தகம்.

மிளகுக்கொடி படர்ந்த மரங்களைத் தாண்டி ஒற்றையடிப் பாதை ஏறத் தொடங்கும் இடத்தில் ஒரு அம்மாள் நின்றிருந்தாள். காலடியில் விறகுக்கட்டு. தலையில் சும்மாடு. எங்கே போகிறேன் என்று கேட்டாள். சொன்னேன். "பார்த்துப் போங்க" என்றாள். போனேன்.

அரை மைல் போன பிறகுதான் அந்தச் சும்மாடு உறைத்தது. இளைப்பாறுகிறவள் அதைத் தலையிலிருந்து எடுத்திருப்பாள். அவள் இளைப்பாறி முடித்துவிட்டாள். கட்டைத் தூக்கிவிட ஒரு ஆளுக்காகக் காத்திருந்தாள். வந்த ஆள் நான்.

எனக்கு நானே மூன்று சமாதானங்கள் சொல்லிக்கொண்டேன். முதலாவது, அவள் கேட்கவில்லை. ஆனால் சுமக்கிறவர்களிடையே கேட்பது என்று ஒன்று தனியாக இல்லை. சும்மாட்டோடு நிற்பதே கேள்வி. அதை வாய்விட்டுக் கேட்கவைப்பது ஒருவகை அவமதிப்பு. இரண்டாவது, நானும் சுமந்துகொண்டுதான் இருந்தேன். இது பொய். நான் சுமந்தது எனக்காக. எந்தத் திருப்பத்திலும் அதை இறக்கிவிட்டு பஸ்ஸுக்குப் போகலாம். அவள் சுமை ஒரு அடுப்புக்குப் போய்ச் சேரவேண்டியது.

மூன்றாவது, எனக்குத் தெரியவில்லை. மூன்றில் இதுதான் உண்மை. உண்மை என்பதாலேயே இதுதான் மோசமானது. தலைச்சுமையைத் தனி ஆளாக ஏற்றிக்கொள்வது கஷ்டம்; இன்னொரு ஜோடிக் கை வேண்டும். வார் வைத்த முதுகுப்பைக்கு யாரும் வேண்டாம். அது அப்படித்தான் தைக்கப்பட்டிருக்கிறது. யார் கைக்காகவும் ஒருபோதும் காத்து நின்றிராதவனுக்கு, காத்து நிற்பவளைப் பார்த்தாலும் கண்ணில் படாது. என் அறியாமை தற்செயல் இல்லை. நான் சுதந்திரம் என்று நினைத்ததன் மறுபக்கம் அது.

சிமோன் வெய்ல் 1934-35இல் பாரிஸ் தொழிற்சாலைகளில் கூலி வேலை செய்தார். விடுப்பில் போன ஆசிரியை; திரும்பிப் போக அவருக்கு ஒரு வகுப்பறை இருந்தது. அவருடையதும் வலிந்து ஏற்ற கஷ்டம்தான். ஆனால் அவர் போனது பக்கத்தில் நிற்கிறவர் படுவது என்ன என்று அறிய. நான் போனது மலையைப் பார்க்க. கஷ்டத்தைத் தேடிப் போவதில் குற்றமில்லை. அது நம் முகத்தை எந்தப் பக்கம் திருப்புகிறது என்பதுதான் விஷயம்.

சமவெளிச் சாலைகளில் சுமைதாங்கிக் கற்கள் உண்டு. வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக நட்டவை. இறக்க முடியாமல் போன ஒரு சுமைக்காக, பிறர் இறக்கிவைக்க ஒரு இடம். தோள் உயரத்தில் இருப்பதால் தனியாக இறக்கலாம், தனியாக ஏற்றலாம். ஆள் வராத வழியில் ஆளுக்குப் பதிலாக நிற்கும் கல் அது. அந்த மலைப்பாதையில் கல் இல்லை. ஆள் வந்தும், கல் செய்வதைக்கூடச் செய்யாமல் போனான்.

திரும்பி நடந்தேன். அவள் இல்லை. கட்டு கிடந்த இடத்தில் பட்டைத் துணுக்குகள். வேறு யாராவது தூக்கிவிட்டிருக்கலாம். முழங்காலில் ஏற்றி, பாறையில் சாய்த்து, அவளே எப்படியோ தலைக்குக் கொண்டுபோயிருக்கலாம். எது நடந்திருந்தாலும் என் கணக்கில் மாற்றமில்லை. இப்போது திரும்பி வந்தது அவளுக்காகவா, என் மன நிம்மதிக்காகவா என்று யோசித்தபடி, இடையில் ஒருமுறையும் இறக்காத பையோடு அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். ஆள் யாரும் வரவில்லை.