பணயம் வைப்பது யாருடைய பணம்?



சான் ஹோசே விமான நிலையத்துக்கு அருகில் 'பே 101', 'கசினோ மேட்ரிக்ஸ்' என இரண்டு சீட்டாட்ட மண்டபங்கள் இரவு பகலாக இயங்குகின்றன. ஊரிலிருந்து வரும் உறவினரை அழைத்துவரப் போகும்போதெல்லாம் நாம் அந்தப் பக்கமாகத்தான் போய்வருகிறோம். இப்படியான இடங்களின் விளம்பரங்களில், அடியில் சிறிய எழுத்தில், 'பொறுப்புடன் விளையாடுங்கள்' என்றொரு வாசகம் இருக்கும். அந்தப் பொறுப்பு யாருடையது என்பதைச் சற்று ஆராய விரும்புகிறோம்.

சூது பாவம் என்று ஒரு வரியில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் எமது மக்கள் அப்படி வாழ்ந்தவர்கள் அல்லர். யாழ்ப்பாணத்தில் 304 விளையாடத் தெரியாதவர் குறைவு. பெரும்பாலும் காசுக்காக அல்ல, தோற்றவரைப் பகிடி பண்ணுவதற்காக. சுவீப் ரிக்கற் வாங்காத வீடும் குறைவுதான். தமிழ்நாட்டிலோ 1968 இல் அரசே பரிசுச் சீட்டைத் தொடங்கியது. 2003 இல் அரசே அதைத் தடைசெய்தது. நாட்டுக்கு நிதி தந்த அதே சீட்டுத்தான் குடும்பங்களைக் கெடுத்ததாகவும் கண்டறியப்பட்டது.

"நட்டத்தைத் தாங்கக் கூடியவன் தன் காசில் விளையாடினால் உங்களுக்கென்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். வருடத்தில் ஒருமுறை ரீனோவுக்கு இருநூறு டொலருடன் போய், அது முடிந்ததும் திரும்பி வருபவரை நாம் குறை சொல்ல மாட்டோம். கணக்காளர் என்ற முறையில் அதைப் பொழுதுபோக்குச் செலவு என்ற தலைப்பில் எழுதுவோம். வருமானம் என்ற தலைப்பில் எழுதச் சொன்னால்தான் மறுப்போம். லாஸ் வேகாசில் வழக்கமான ரூலெட் சக்கரத்தில் 38 குழிகள். ஓர் எண்ணில் ஒரு டொலர் வைத்து வென்றால் கைக்கு வருவது 36 டொலர். முப்பத்தெட்டு எண்களிலும் ஒவ்வொரு டொலராக வைப்பவர் சுற்றுக்கு இரண்டு டொலர் இழந்தே தீருவார். இதில் ராசியும் இல்லை, திசையும் இல்லை. கலிபோர்னியாவின் சூப்பர்லோட்டோ பிளஸில் முதற் பரிசு விழும் வாய்ப்பு 4,14,16,353 இல் ஒன்று. போதாக்குறைக்கு வரி. 2025 இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 2026 முதல் இழப்பில் 90 வீதத்தையே வெற்றிப் பணத்துக்கு எதிராகக் கழிக்கலாம். பத்தாயிரம் வென்று பத்தாயிரம் தோற்றவர், கையில் ஒரு சதமும் இல்லாமல் ஆயிரம் டொலருக்கு வரி கட்ட வேண்டும்.

ஆனால் 'தன் காசு' என்ற சொல்லிலேதான் எமக்குத் தடங்கல். சபைக்கு அழைத்துவர ஆள் வந்தபோது திரௌபதி அழுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டாள்: அவர் முதலில் தோற்றது தம்மையா, என்னையா? தம்மை இழந்தவருக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை ஏது என்பது அதன் பொருள். பீஷ்மராலும் அதற்கு நேரான பதில் சொல்ல முடியவில்லை. கலிபோர்னியாச் சட்டத்துக்கு ஓரளவு பதில் தெரியும். திருமணத்தின் பின் உழைத்தது பொதுவாக இருவருக்கும் சமபாதி. அதேவேளை ஒருவர் பட்ட கடனுக்கு அந்தப் பொதுச் சொத்தே பொறுப்பு. இரவு இரண்டு மணிக்குக் கணவர் வைக்கும் ஆயிரத்தில் ஐந்நூறு, உறங்கிக்கொண்டிருக்கும் மனைவியுடையது. அவரிடம் யாரும் கேட்கவில்லை.

இதை வாசிக்கும் பலர் கசினோ வாசலை மிதிக்காதவர்கள். ஆனால் அலுவலகத்தில் தந்த பங்குகளை விற்று, அன்றே காலாவதியாகும் ஒப்பந்தங்களைத் தொலைபேசியில் வாங்கி விற்பவர்கள் நம்மிடையே இல்லையா? முதலீடெல்லாம் சூது என்று சொல்ல வரவில்லை. கணக்கு அறிக்கையை வீட்டில் மேசைமேல் வைக்க முடிகிறதா, அல்லது கடவுச்சொல்லை மாற்றி மறைக்க வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். விட்டதைப் பிடிக்கத் தொகையைக் கூட்டுவதும் மறைப்பதும் சேர்ந்துவிட்டால், அதற்கு என்ன பெயர் வைத்தாலும் ஒன்றுதான்.

அப்படியானால் அது குற்றமா, நோயா? வள்ளுவர் சூதுக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். அதற்கு முன்னால் கள்ளுண்ணாமை, அடுத்து மருந்து. அந்த வரிசையை நாம் சும்மா கடந்து போவதில்லை. நளன் கதையிலும், கலி உட்புகுந்த பின்னரே அவன் நாட்டைத் தோற்கிறான். இருதுபன்னனிடம் எண்ணிக்கையின் நுட்பத்தைக் கற்ற கணத்தில் கலி வெளியேறுகிறான். கணக்காளருக்கு இதைவிடப் பிடித்த கதை இருக்க முடியாது! அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980 இல் இதை நோயாகப் பதிவு செய்தது. 2013 இல் மதுவுக்கு அடிமையாவதோடு சேர்த்து வகைப்படுத்தியது. நோய் என்பதால் பொறுப்பு நீங்கிவிடாது. சர்க்கரை வியாதிக்காரரைக் குற்றவாளி என்று சொல்வதில்லை. மருந்து எடுக்காவிட்டால் கேட்கிறோம். 'பொறுப்புடன் விளையாடு' என்று நோயாளியிடம் மட்டும் சொல்லிவிட்டு, நள்ளிரவிலும் கதவைத் திறந்து வைத்திருப்பவர் தம் பங்கைக் கழித்துவிடுவதையும் நாம் ஏற்கவில்லை.

மிகவும் கடினமானது உறவினரின் பொறுப்பு. "அண்ணை, இந்த ஒருமுறை மட்டும் கைமாற்றாகத் தாங்கோ" என்று கேட்கும்போது மனம் இளகுகிறது. அவமானம் வெளியில் தெரியக் கூடாதென்று மச்சானும் சித்தப்பாவும் சேர்ந்து கடனை அடைத்துவிடுகிறார்கள். அடைத்த மறுநாள் கடனட்டை மீண்டும் காலியாக, அடுத்த ஆட்டத்துக்குத் தயாராக இருக்கும். நண்பர்களுக்குள் பிடிக்கும் சீட்டில் முதற் கழிவை அவருக்கே கொடுப்பதும் அப்படித்தான். பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் வீட்டு வாடகைக்கும் நேரே கட்டிவிடுங்கள்; கையில் காசாகக் கொடாதீர்கள்.

உதவி இருக்கிறது. 1-800-426-2537 என்ற இலக்கத்தை எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். அழைப்பு இரகசியமாக இருக்கும். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கலாம். கலிபோர்னியா அரசின் 'கால்கெட்ஸ்' திட்டத்தில் ஆலோசகரிடம் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். 1957 இல் லொஸ் ஏஞ்சலிசில் தொடங்கிய 'காம்ப்ளர்ஸ் அனானிமஸ்' கூட்டங்களில் பெயர் முழுதாகச் சொல்ல வேண்டியதில்லை. தம்மை உள்ளே விடக்கூடாதென்று சீட்டாட்ட மண்டபங்களுக்குத் தாமே தடை கேட்கும் படிவம் மாநில நீதித் திணைக்களத்தில் உண்டு. ஒரு வருடம், ஐந்து வருடம், ஆயுட்காலம் என்று தெரிவு செய்யலாம், இடையில் திரும்பப் பெற முடியாது. பழங்குடியினர் நடத்தும் கசினோக்களுக்குத் தனித்தனியே கேட்க வேண்டும்.

அழைப்பவர் விளையாடுபவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அவர் மறுத்தாலும் மனைவியோ, வளர்ந்த பிள்ளையோ, தாயோ தமக்காக அதே திட்டத்தில் உதவி பெறலாம். போவதற்கு முன் எல்லாக் கடன்களையும் வட்டி வீதத்துடன் ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதை எழுத உதவி தேவையானால் கோயிலில் எம்மைத் தனியே அழைத்துக் கேட்கலாம். எண்களை மட்டுமே கேட்போம். காரணம் கேட்க மாட்டோம்.