விளையாட்டுக் கப்பலும் மெய்யான மையித்தும்

நம் வீட்டுப் பிள்ளைகள் இப்போது கணினியில் ஆகாய விமானம் ஓட்டுகிறார்கள். மேகத்துக்குள் புகுந்து, கடல்மட்டத்துக்குத் தாழ்ந்து, டார்பிடோவை எறிந்து, மலை போன்ற யுத்தக் கப்பலைக் கவிழ்க்கிறார்கள். கப்பல் மூழ்கியதும் புள்ளி ஏறுகிறது, பிள்ளை கைதட்டுகிறான். இது பாவமா, வெறும் பொழுதுபோக்கா என்று பந்திங்கில் சில தகப்பன்மார் கேட்கிறார்கள். மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும் கண்ட கடைக்காரனுக்குத் தோன்றியதை எழுதுகிறேன். மார்க்கத் தீர்ப்புச் சொல்வது ஆலிம்களின் வேலை. அதில் நான் தலையிடவில்லை.

முதலில் நடந்த சம்பவத்தைப் பார்ப்போம். அது நமது நாட்டுக் கடலிலேயே நடந்தது. 1941 டிசம்பர் 8இல் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். அன்று மாலையே 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்னும் இரு பெருங்கப்பல்கள், நான்கு நாசகாரிக் கப்பல்களோடு சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டன. பாதுகாப்புக்கு விமானம் ஒன்றும் உடன் வரவில்லை. குவாந்தானில் எதிரி இறங்கிவிட்டான் என்று கிடைத்த செய்தியை நம்பி அங்கே திரும்பின, அச்செய்தியோ பொய். டிசம்பர் 10ஆம் நாள் சைகோன் பக்கத்துத் தளங்களிலிருந்து சுமார் 85 ஜப்பானிய விமானங்கள் வந்தன. 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்' கப்பலின் பின்புறத்தில் பட்ட ஒரு டார்பிடோ சுழல்விசிறியின் தண்டை முறுக்கியது. தண்ணீர் உள்ளே பாய்ந்தது, மின்சாரம் நின்றது, பம்புகளும் பீரங்கிகளும் ஓய்ந்தன. சுமார் இரண்டு மணி நேரத்தில் இரண்டு கப்பல்களும் கடலுக்குள் போயின. ஜப்பானியர் இழந்த விமானங்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். கப்பல்களிலோ 840 பேர் மாண்டனர். தளபதி பிலிப்ஸும் அவர்களில் ஒருவர்.

அத்துடன் முடிந்ததா? 1942 ஜனவரி 11இல் கோலாலம்பூர் வீழ்ந்தது; பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதற்குப் பிறகு சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பி வராத தோட்டத் தமிழர் எத்தனை பேர்! பிள்ளை கைதட்டும் அந்த வெற்றிக்கு விலை கொடுத்தவர்களில் நம் பாட்டன்மாரும் இருந்தார்கள்.

நிற்க. "திரையில் தெரிவது படந்தானே, அதில் யார் செத்தார்?" என்று பிள்ளை கேட்பான். நியாயமான கேள்வி. சதுரங்கத்தில் யானையை வெட்டுகிறோம், யாரும் அழுவதில்லை. எண்ணத்தைக் கொண்டே செயல் மதிக்கப்படும் என்பது நாம் அறிந்ததே. கொல்லும் எண்ணம் இல்லாதவனைக் கொலைகாரன் என்பது அநியாயம். ஆகவே விளையாட்டைக் குற்றமென்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் இன்னொன்று இருக்கிறது. விளையாட்டு எண்ணுவது கப்பலை. மனிதனை அது எண்ணுவதில்லை. நெடுநாள் ஒன்றை எண்ணாமலே பழகிய கண், பிறகு அதைக் காணவே மறந்துவிடுகிறது. இது பிள்ளைகளுக்கு மட்டும் வரும் நோயா? வியாபாரிகளாகிய நாமும் பேரேட்டில் கடன்காரனை ஒரு தொகையாக எழுதி வைக்கிறோம். அந்தத் தொகைக்குப் பின்னே ஒரு வீடும் அடுப்பும் உண்டென்பதை மறந்த நாளில் நம் கையிலும் டார்பிடோ இருக்கிறது.

மெய்யாகவே கப்பலை மூழ்கடித்த அந்த ஜப்பானியர், தண்ணீரில் தத்தளித்தவர்களை நாசகாரிகள் தூக்கியெடுத்தபோது அவற்றைத் தாக்கவில்லை. 2000க்கும் மேற்பட்டோர் பிழைத்தனர். யுத்தத்தின் உக்கிரத்திலும் கப்பல் வேறு, மனிதன் வேறு என்ற பேதம் அங்கே நின்றது.

சமாதான காலத்தில் என்ன நடக்கிறது? அக்கப்பல்கள் இன்றும் குவாந்தானுக்கு அப்பால் கடலடியில் கிடக்கின்றன. அவை கபுறுஸ்தான் போன்றவை. அவற்றையும் இரும்புக்காகப் பிளந்திருக்கிறார்கள். 2023 மே மாதம் சீனாவில் பதிவான ஒரு கப்பலை நமது கடல் அமலாக்கப் பிரிவினர் ஜொகூர் அருகே தடுத்துவைத்தனர். அதில் பழைய பீரங்கிக் குண்டுகள் இருந்தன. அவை அந்தக் கப்பல்களிலிருந்து எடுக்கப்பட்டவை என்று சந்தேகம் எழுந்தது. மையித்தின் எலும்பை முறிப்பது உயிரோடிருப்பவனின் எலும்பை முறிப்பதற்கு ஒப்பு என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கணினி முன் இருக்கும் பிள்ளைக்கு மனிதன் தெரியவில்லை என்றால், அது திரையின் குறை. இரும்பை அறுத்தவனுக்குத் தெரியாமற்போனது நெஞ்சின் குறை.

ஆகவே சகோதரர்களே, கணினியைப் பிடுங்கி வைப்பதால் பயனில்லை. பிள்ளை அடுத்த வீட்டில் விளையாடுவான். அவன் பக்கத்தில் உட்காருங்கள். அந்தக் கப்பலின் பெயரையும், 840 என்ற எண்ணையும், சயாமுக்குப் போனவர்களின் கதையையும் சொல்லுங்கள். பிறகும் அவன் விளையாடட்டும். பழைய இரும்பு வாங்கி விற்கும் சகோதரர்கள், விலை கேட்பதற்கு முன் அது எங்கிருந்து வந்ததென்று கேட்கட்டும். மலிவாகக் கிடைத்தது என்பது அதற்குப் பதிலாகாது.