சும்மா நடக்கப் போனேன்

சென்ற மாசியில் ஒரு சனிக்கிழமை, தேரிக்காட்டில் தனியாக நடக்கப் போனேன். வீட்டில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போவதாகச் சொன்னேன். ‘கூட யாரு வாரா?’ என்று அம்மா கேட்டாள். கல்லூரித் தோழி வருகிறாள் என்றேன். இரண்டும் பொய். வகுப்பில் பெண்ணியம் பேசுகிற, நாற்பத்தாறு வயதான நான், ஒரு பகல் நடைக்கு இரண்டு பொய்களை விலையாகக் கொடுத்தேன். அது சரியா என்பதே என் கேள்வி.

ஆறுமுகநேரியில் மலை கிடையாது. கிழக்கே உப்பளமும் கடலும். மேற்கே போனால் குதிரைமொழித் தேரி. இரும்பேறிச் சிவந்த மணலைக் காற்று காலங்காலமாகக் குவித்த மேடுகள். ஒன்றை ஏறி இறங்கினால் அடுத்தது. இடையிடையே பனை, உடைமரம், கொல்லா மரம். ஆடிக் காற்றில் அங்கே கண் திறக்க முடியாது. மாசிக் காலையில் மணல் குளிர்ந்து கிடக்கும்.

கோயிலைத் தாண்டி ஏறினேன். ஓரடி வைத்தால் அரையடி சறுக்கியது. முதல் ஒரு மணி நேரம் தேரியை நான் பார்க்கவேயில்லை. பின்னால் யாராவது வருகிறார்களா என்றே பார்த்தேன். பனையோலை உரசினாலும் நின்றேன். எப்போதோ அந்தப் பயம் ஓய்ந்துவிட்டது. கொல்லா நிழலில் உட்கார்ந்து, யாருக்கும் பரிமாறாமல் என் புளிச்சோற்றைத் தின்றேன்.

விறகுக் கட்டோடு வந்த ஓர் அம்மா என்னைக் கண்டு நின்றார்.

‘எதையும் தொலச்சிட்டியளா?’

‘இல்லம்மா, சும்மா நடக்க வந்தேன்.’

‘சும்மாவா?’ என்று சிரித்தார். ‘எனக்கெல்லாம் சும்மா நடக்க நேரம் எங்க கெடக்கு?’

அவர் அன்றாடம் தனியாகத்தான் வருகிறார். ஊர் அவரைக் கேட்பதில்லை; தலைச்சுமைதான் அவருடைய அனுமதிச் சீட்டு. விடியுமுன் உப்பளத்துக்கு நடக்கும் பெண்களுக்கு வேலை. திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்கு விரதம். எதையாவது சுமந்தால் போகலாம். வெறுங்கையோடு போனால்தான் காரணம் கேட்பார்கள். அந்த வெறுங்கைக்கு வேண்டிய ஓய்வு எனக்கு வாய்த்திருக்கிறது, அவருக்கு வாய்க்கவில்லை என்பதையும் அவருடைய சிரிப்பு சொல்லிவிட்டது.

நம் மரபிலும் தனியே நடந்த பெண்கள் விலை கொடுத்திருக்கிறார்கள். ஔவை இளமையைக் கொடுத்து முதுமையைக் கேட்டு வாங்கினாள் என்கிறது வழக்குக் கதை. காரைக்கால் அம்மையார் பேயுருவை வேண்டிப் பெற்ற பிறகே கயிலைக்குப் போனதாகப் பெரியபுராணம் சொல்கிறது. பெண்ணுடல் பெண்ணுடலாகவே இருந்துகொண்டு வழி நடக்கக் கதைகளுக்குக்கூடத் துணிவில்லை.

பொதிகையின் அகத்தியர்கூடத்தில் பெண்கள் ஏற இருந்த தடையைக் கேரள உயர் நீதிமன்றம் 2018இல் நீக்கியது. 2019 ஜனவரியில் தன்யா சனல் உச்சியை அடைந்தார். சட்டம் பாதையைத் திறந்தது. ஆனால் ‘எதுக்குப் போற?’ என்று வீட்டில் கேட்பதை எந்த நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவது? மும்பைப் பெண்களைப் பற்றி ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011இல் எழுதிய ‘வொய் லாய்ட்டர்?’ நூல், காரணமின்றித் திரிவதையே பெண்ணின் உரிமையாகக் கேட்டது. பாதுகாப்பு கேட்பதைவிட இது கடினமான கோரிக்கை. பாதுகாப்பு கேட்டால் துணைக்கு ஆள் அனுப்பிவிடுவார்கள்.

என் பொய் யாரையும் நேராகக் காயப்படுத்தவில்லை. ஆனால் பெண் தனியாகப் போக மாட்டாள், போனாலும் சாமிக்காகத்தான் போவாள் என்ற விதிக்கு அது ஒரு சாட்சியாகிவிட்டது. நாளை உண்மையைச் சொல்லிவிட்டுப் புறப்படும் என் மாணவியிடம், ‘ஒங்க டீச்சரே துணையோடதான் போறாங்க’ என்பார்கள். உண்மை சொன்னால் படிப்பே நின்றுபோகும் நிலையிலுள்ள பெண் பொய் சொல்லட்டும். நான் குறை சொல்ல மாட்டேன். சொந்தச் சம்பளமுள்ள எனக்கு உண்மையால் வரும் நட்டம், அம்மாவின் ஒரு நாள் கோபம். அதைக்கூடத் தாங்க மறுத்தால் நான் நடத்தும் பாடத்துக்கு என்ன பொருள்?

மாலையில் வீடு திரும்பி அம்மாவிடம் சொன்னேன். தோழி யாரும் வரவில்லை, கோயிலுக்குள் போகவில்லை, சும்மா நடந்தேன் என்று.

அம்மா நெடுநேரம் பேசவில்லை. என் சேலையிலிருந்து உதிர்ந்த செம்மணலைக் கூட்டித் தள்ளினாள். பிறகு, ‘மணல் சுட்டுச்சா?’ என்று கேட்டாள்.