தாவலும் நகர்தலும்

ஊத்துக்குளியில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த வீட்டுப் பையன் கணிப்பொறி முன் அமர்ந்து, எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தான்.

"என்ன தம்பி, இவ்வளவு மும்முரம்?"

"பக்கத்தைத் தள்ளினா சட்டுனு தாவிருதுங்க மாமா. படிச்ச இடத்தைக் கண்ணு தேடுது. மெதுவா நகர வைக்கறேனுங்க."

வித்தை எளியதுதான். ஒரு பெருந்தாவலைப் பல சிற்றடிகளாக்கி, அடிக்கு அடி இமைப்பொழுதிலும் குறைந்த இடைவெளி விடச் சொல்லும் சில வரிக் கட்டளைகள். அதற்கு ஒரு மாலைப்பொழுதே செலவாகிவிட்டது. பனியனை உருப்படிக் கணக்கில் தைக்கும் வட்டாரம் அல்லவா? "வீண் வேலை" என்று அவன் தந்தை முணுமுணுத்தார்.

வீண்தானா? அவன் கையாண்ட 'விம்' என்னும் எழுதுகருவியை 1991-இல் வெளியிட்டவர் டச்சுக்காரரான பிராம் மோலெனார். அவர் விலை கேட்கவில்லை. உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று மட்டும் வேண்டினார். கருவியை அவரவர் விருப்பப்படி மாற்றிக்கொள்ளவும் விட்டார். 2023-இல் மறைந்தார். மறு ஜனவரியில் அவருக்குக் காணிக்கையாக வந்த 9.1 பதிப்பில், மடிந்து நிற்கும் நீண்ட வரிகளும் தாவாமல் சீராக நகரும் வசதி சேர்ந்தது.

கருவியைத் தீட்டிக்கொண்டே காலம் கழிப்பது சோம்பலின் மாறுவேடம், மறுக்கவில்லை. ஆனால் கருவிக்கு ஏற்பத் தன்னை வளைத்துக்கொண்டே வாழ்வது அதைவிடத் தாழ்ந்த நிலை. மனிதனுக்காகத்தான் கருவி. முடிவை மட்டும் காட்டும் வேகம் வழியை மறைத்துவிடுகிறது. வந்த வழி தெரிந்தால்தானே நிற்கும் இடம் புரியும்?

பக்கம் வெண்ணெயாய் வழுக்கி நகர்ந்தது. பையன் சிரித்தான்.

"நல்லது தம்பி. இனி எழுது" என்றேன்.