சக்கரத்தின்மேல் இல்லறம்

அமெரிக்காவின் அரிஸோனா மாநிலத்தில், குவார்ட்ஸைட் என்னும் சிற்றூரைச் சுற்றிய பாலைவெளியில் குளிர்காலந்தோறும் வந்து நிற்கும் வீட்டு வண்டிகளினிடையே, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாது தாமே கற்பித்துக்கொண்டு சஞ்சரிக்கும் குடும்பங்களும் உண்டு. வீட்டைத் துறந்த இவர்கள் பற்றையும் துறந்தவர்களாவார்களா என்பதே நம் வினா.

கட்டணமில்லாத பொது நிலத்தில் பொதுவாக 14 நாட்களுக்குமேல் ஓரிடத்தில் தங்கலாகாது என்பது அங்கே சட்டம். சாதுர்மாஸ்ய காலம் நீங்கலாக ஸந்நியாசி ஓரூரில் நிலைத்திருத்தலாகாதென்று நம் சாஸ்திரம் விதித்த நியமத்தை அரசாங்கமே விதிப்பது வேடிக்கைதான்!

மணல் சூடேறிக் காற்றைக் கலக்குமுன், விடியற்காலையில், அத்தகைய குடும்பமொன்றின் தந்தை, வானிற் பறப்பதற்காக, சுமார் 30 கிலோ எடையுள்ள விசிறி இயந்திரத்தை முதுகிற் கட்டிக்கொண்டு, பின்னே விரித்த நைலான் சிறகு தலைக்குமேல் நிமிரும்வரை ஓடி, கால் தரையை விட்டதும் இருக்கையில் சாய்கிறார். உரிமச் சீட்டு வேண்டாத இப்பறக்கும் சுதந்திரத்திலும், ஒருவருக்குமேல் ஏறலாகாது, ஜனநெருக்கமுள்ள இடங்களின்மேல் பறத்தலாகாது என்னும் கட்டுகள் உண்டு. எல்லாவற்றினும் வலிய கட்டு, கீழே வண்டி நிழலில் கணக்குப் புத்தகத்தோடு காத்திருக்கும் குழந்தை. அக்குழந்தைக்காக இறங்கி வருகிறவரைத் துறவி என்று நான் ஒப்பமாட்டேன்; அவர் உத்தமமான இல்லறத்தார்.